இடுப்புத் தையல்

வலது பக்கமா, இடது பக்கமா என்று ஞாபகம் வரவில்லை. சாயங்காலம் நாலு மணிக்குத் தைத்தது, இப்போது ஏழு கூட ஆகவில்லை, அதற்குள் எப்படி மறக்கும், ஆனால் மறந்துவிட்டது, ஏனென்றால் தைக்கும்போது அந்தச் சட்டை உள்பக்கம் வெளியே திரும்பிக் கிடந்தது, உள்பக்கம் திருப்பினால் வலது இடதாகிவிடும், அதிலும் முன்பக்கம் எது பின்பக்கம் எது என்றே தெரியாத சட்டை, அதைச் சட்டை என்று சொல்லலாமா, கழுத்திலிருந்து கணுக்கால் வரைக்கும் தோல் நிறத்தில் ஒரே துணி, கையில் எடுத்தால் பாம்பு உரித்த சட்டை மாதிரி சுருண்டு உள்ளங்கைக்குள் அடங்கிவிடுகிறது. "இடுப்புல பிரிஞ்சிருக்கும்மா, ரெண்டு தையல் போட்டுக் குடு" என்று ரொசாலி என் மடியில் போட்டுவிட்டுக் குளிக்கப் போனாள். ரெண்டு தையல் போட்டேன். அதோடு எழுந்திருக்கலாம். பீரோவைத் திறந்து, வில்லியனூர் மாதா கோவிலில் மந்திரித்து வாங்கி வைத்திருந்த, மாதா உருவம் பதித்த மெடல்களில் ஒன்றை எடுத்து, புளியங்கொட்டையில் பாதிகூட இருக்காது, அதை மடிப்புக்குள் வைத்து நாலு பக்கமும் இறுக்கித் தைத்தேன். மனசு அப்போது எவ்வளவு லேசாக இருந்தது. பாட்டுக்கூட முனகினேன். இப்போது மூன்றாவது வரிசையில், இடது பக்கம் அவர், வலது பக்கம் அவருடைய தங்கை பெர்னாதெத், நடுவில் நான், கையில் ஜெபமாலை. மேடை ஓரத்தில் நாட்டியப் பள்ளி மதாம் இவோன் மைக்கைப் பிடித்து, நாற்பது வருஷம் புதுச்சேரியில் இருந்து பழகிய தமிழில் சொன்னார்: "இன்று பாலே உடையின் கதையை உங்களுக்கு ஆடிக் காட்டப் போகிறோம். முந்நூறு வருஷத்துக் கதை. கடைசி ஆட்டத்தில் ரொசாலியை இளம்பரிதி ஒரே கையால் தலைக்கு மேலே தூக்குவார். ஒரு வருஷம் பழகியிருக்கிறார்கள். கண்ணைச் சிமிட்டாமல் பாருங்கள்." எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். தட்டின கை அப்படியே நின்றுவிட்டது. ஒரே கை. எங்கே பிடிப்பான்? ஆடி மாசம் ஒத்திகை பார்க்கப் போனபோது அந்தப் பிள்ளை எனக்கு விளக்கிச் சொன்னானே, "எடையெல்லாம் இங்கதாம்மா நிக்கும், வலது இடுப்பெலும்புக்கு மேல நாலு விரல் இடம், அதுக்கு அந்தப் பக்கம் இந்தப் பக்கம் போனா ரெண்டு பேரும் கீழ" என்று. நாலு விரல் இடம். வலது இடுப்பு. மாதாவே, நான் தைத்தது வலது பக்கமா, இடது பக்கமா?

வெள்ளிக்கிழமை, ஜெபமாலையில் கர்த்தர் பட்ட பாடுகளை நினைக்கிற துக்க தேவரகசியங்கள் சொல்ல வேண்டிய நாள். முதலாவதைத் தொடங்கி ரெண்டு மணி உருட்டுவதற்குள் மேடையில் முதல் ஆட்டம் வந்துவிட்டது. பெண் ஒருத்தி, கூடாரம் மாதிரி பாவாடை, தரையைப் பெருக்கிக்கொண்டு, இடுப்பிலிருந்து ரெண்டு பக்கமும் கட்டில் அகலத்துக்கு நீட்டிக்கொண்டு, தலையில் கோபுரம் மாதிரி கொண்டை, முகத்தில் முகமூடி, காலில் குதி உயர்ந்த செருப்பு. அந்தக் காலத்தில் ராஜா வீட்டு ஆட்டத்துக்கு இவ்வளவு துணி உண்டாம், நடப்பதே ஆட்டமாம். எனக்கு அதைப் பார்க்கப் பார்க்க ஆசையாக இருந்தது, அந்தப் பாவாடையில் எத்தனை மெடல் வேண்டுமானாலும் தைக்கலாம், ஒரு ஜெபமாலையையே உள்ளே சுற்றி வைக்கலாம், எந்தக் கைக்கும் தட்டுப்படாது. ரெண்டாவது ஆட்டத்தில் பாவாடை கணுக்காலுக்கு மேலே ஏறிவிட்டது. யாரோ ஒரு ஆட்டக்காரி, தன் பாதம் போடுகிற அடி ஜனங்களுக்குத் தெரியவில்லையே என்று பாவாடையைக் குறைத்துவிட்டாளாம், ஊரே வாயைப் பிளந்ததாம். நாலு விரல் துணிக்கு அவ்வளவு பேச்சு. "அப்பவே ஆரம்பிச்சிருச்சு பாரு அண்ணி" என்றாள் பெர்னாதெத் என் காதில். அவர் தூங்கிவிட்டிருந்தார், வாயில் பெப்பர்மிண்டோடு. எனக்கு ரொசாலியின் ஆறு வயசு ஞாபகம் வந்தது. பள்ளிக்கூட ஆண்டு விழா, வாத்துக் குஞ்சு வேஷம், அஞ்சு அடுக்கு வலைத்துணி, நானே மிஷினில் தைத்தேன். பிள்ளைக்குத் திருஷ்டி படுமே என்று மூன்றாவது அடுக்கு ஓரத்தில் முதல் மெடலைத் தைத்தேன், பிறந்த குழந்தை சட்டையில் குத்திவிடுவோமே அதே மாதிரி. அப்புறம் பத்து வயசில் பாவாடை முழங்காலுக்கு வந்தது, மெடல் விளிம்பு மடிப்புக்கு வந்தது. பதிமூன்றில் தட்டு மாதிரி விறைத்து நிற்குமே அந்த டூட்டூ, அதில் மடிப்பே இல்லை, மார்பு வாருக்கு வந்தது. அதற்கடுத்த வருஷம் காரைக்காலுக்கு ஆடப் போனபோது ஒரே ஒரு தடவை, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று தைக்காமல் அனுப்பினேன், அன்றைக்குத்தான் கணுக்கால் பிசகி மூன்று வாரம் கட்டுப் போட்டுக் கிடந்தாள். அதற்கப்புறம் ஒரு தடவைகூட நான் விட்டதில்லை. சட்டை குறையக் குறைய மாதா இடம் தேடி அலைந்தாள். வாரிலிருந்து முதுகுக்கு, முதுகிலிருந்து தோளுக்கு, தோளிலிருந்து காலருக்கு. கோவிலில் இருக்கிற மாதாவுக்கு வருஷா வருஷம் சரிகை கூடுகிறது, கிரீடம் கூடுகிறது, என் மகளுக்கு வருஷா வருஷம் குறைகிறது, நான் யாரிடம் போய்க் கேட்பேன்.

ரெண்டு வருஷத்துக்கு முந்தி அவளே சொல்லிவிட்டாள். சென்னையில் ஆடின ஆட்டத்தின் போட்டோவைக் கொண்டுவந்து காட்டினாள். "இங்க பாரும்மா, முதுகுல கட்டி வந்த மாதிரி தெரியுது. பார்த்தவங்க டாக்டர்கிட்ட போனியான்னு கேக்குறாங்க. இனிமே தைக்காதம்மா. இந்த உடம்புதான் இப்ப உடுப்பு. அதுல ஒரு நூல் கூடினாலும் எனக்குத் தெரியும்." கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை, என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "சரிடி, தைக்கலை" என்றேன். கர்த்தர் முன்னால் சத்தியம் என்று சொல்லவில்லை, அதனால் அது சத்தியமில்லை என்று எத்தனை தடவை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருப்பேன். பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடமும் சொன்னதில்லை, இது பாவமா என்று தெரியாத ஒன்றை எப்படிச் சொல்வது, மகள் நன்றாக இருக்க வேண்டும் என்று ஒரு தாய் தைக்கிறது பாவமா. எந்தப் பக்கம். ஊசியில் நூலைக் கோர்த்தேன். மடியில் போட்டேன். ஜன்னல் எனக்கு இடது கைப் பக்கம். பிரிந்த இடம் ஜன்னல் பக்கம் இருந்தது, வெளிச்சத்துக்காக அப்படித் திருப்பி வைத்தேன். கழுத்து என்னைப் பார்த்திருந்ததா, கால் என்னைப் பார்த்திருந்ததா? கழுத்து என்றால் ஒரு பக்கம், கால் என்றால் மறுபக்கம், அதையும் உள்வெளி மாற்றினால் மறுபடி இந்தப் பக்கம். விரல்களால் காற்றில் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். "என்ன அண்ணி, நீயும் ஆடப் போறியா?" என்கிறாள் பெர்னாதெத்.

மூன்றாவது ஆட்டம் ஒரே வெள்ளை. பனி மாதிரி மெல்லிய மஸ்லின், ஒன்றின் மேல் ஒன்றாக, பெண்களுக்குக் கால் தரையில் படுகிறதா இல்லையா என்றே தெரியவில்லை. மதாம் மெதுவாகச் சொன்னார், இந்த உடுப்பில்தான் பாலே பறக்கக் கற்றுக்கொண்டது, இந்த உடுப்பில்தான் வெந்தும் போனது. அந்தக் காலத்தில் மேடை விளக்கு காஸ் விளக்கு, திறந்த சுடர். பாரீசில் இருபது வயசுப் பெண் ஒருத்தி ஒத்திகையில் பாவாடையை விரித்து உட்காரப் போனவள், சுடரில் பட்டு அப்படியே எரிந்துவிட்டாள். தீப்பிடிக்காமல் இருக்கத் துணியை ஒரு மருந்தில் முக்குகிற வழக்கம் அப்போதே இருந்ததாம். முக்கினால் துணி மொரமொரவென்று ஆகிவிடும், மஞ்சள் அடித்துவிடும், அழகு போய்விடும் என்று அவள் வேண்டாம் என்றாளாம். எட்டு மாசம் படுக்கையில் கிடந்து செத்தாள். இதைச் சொல்லிவிட்டு மதாம் அடுத்த வரிக்குப் போய்விட்டார். என்னால் போக முடியவில்லை. அந்தப் பெண்ணுடைய அம்மா எங்கே இருந்தாள் அன்றைக்கு? வீட்டிலா, அந்த இருட்டில் ஒரு நாற்காலியிலா? முக்கிப் போடுடி என்று கெஞ்சியிருப்பாளா, அவள் கேட்கவில்லை என்று விட்டுவிட்டாளா, விட்டதற்கு எட்டு மாசம் அந்தக் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து என்ன நினைத்திருப்பாள்? நானாக இருந்தால் அவளுக்குத் தெரியாமல் முக்கிப் போட்டிருப்பேன். திட்டட்டும், மஞ்சள் அடிக்கட்டும், உயிரோடு இருப்பாளே. அதைத்தானே நான் செய்திருக்கிறேன், தெரியாமல் முக்கிப் போட்டிருக்கிறேன். இந்த நினைப்பு ஒரு நிமிஷம் இதமாக இருந்தது. அடுத்த நிமிஷமே திரும்பிக் கொத்தியது. அந்தத் தாய் மருந்து வைக்காமல் போனாள், அமலோற்பவம், நீ சுடரையே வைத்துத் தைத்திருக்கிறாய். என் பெயரை நானே இப்படிக் கூப்பிட்டுக்கொண்டு ரொம்ப நாளாச்சு. எத்தனையாவது மணி இது? ஆறா, ஏழா? முள்முடியா, சிலுவை சுமக்கிறதா? முதலிலிருந்து சொல்ல வேண்டும். இல்லை, எழுந்து போக வேண்டும். போய் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, ஒரு நிமிஷம் வாடி, ஒரு கத்தரி வேணும், என்று. ஆட்டத்துக்கு முந்தி அவள் யாரிடமும் பேசமாட்டாள், கண்ணை மூடிச் சுவரில் சாய்ந்திருப்பாள், அப்போது போய் நான் ரெண்டு வருஷமாகச் சொன்ன பொய்யை அவிழ்த்தால் அவள் கால் நடுங்காதா? அந்த நடுக்கத்தில் விழுந்தால்? சொன்னாலும் விழுவாள், சொல்லாவிட்டாலும் விழுவாள். ஒருவேளை இடது பக்கமாக இருந்தால்? இடது பக்கம்தான். ஜன்னல் பக்கம். இடதுதான். இல்லை.

நாலாவது ஆட்டம், அந்தத் தட்டுப் பாவாடை, சுற்றினது, முடிந்தது, நான் ஒன்றையும் பார்க்கவில்லை. விளக்கு கொஞ்சம் ஏறினது. எழுந்துவிட்டேன். அவர் முழங்காலைத் தாண்டும்போது விழித்துக்கொண்டு, "எங்கடி போற, பாத்ரூமா?" என்றார். "ஆமா" என்றேன், இன்னொரு பொய். சுவரோரமாக மேடைப் பக்கத்துக் கதவு வரைக்கும் போய்விட்டேன். கழுத்தில் அட்டை தொங்கவிட்ட ஒரு அம்மாள், என் வயசுதான் இருக்கும், கதவில் சாய்ந்து நின்றாள். "உள்ள என் பொண்ணு இருக்கா, ஒரே ஒரு வார்த்தை." "எல்லாம் யாராவது ஒருத்தரோட பொண்ணுதாங்க. ஆட்டம் முடியட்டும், அப்புறம் ஆயிரம் வார்த்தை பேசுங்க." "தையல்ல ஒரு தப்பு நடந்துபோச்சு." "இனிமே கிழிஞ்சாலும் அப்படியேதான் ஆடுவாங்க. இருட்டப் போவுது, இப்படி ஓரமா நின்னுக்குங்க, விழுந்து வைக்காதீங்க." அவள் நல்ல மனுஷிதான். நான் கத்தியிருக்கலாம், அவளைத் தள்ளிவிட்டுப் போயிருக்கலாம். தலை ஆட்டினேன். தப்பிச்சோம் என்று உள்ளே ஏதோ ஒன்று சொன்னது, நான் தடுக்கப்பட்டேன், என் மேல் பழி இல்லை என்று. அந்தக் குரலைக் கேட்டு எனக்கே வெட்கமாக இருந்தது. விளக்கு போய்விட்டது.

வெளிச்சம் வந்தபோது மேடையில் ரொசாலி மட்டும் நின்றாள். அரங்கத்தில் ஒரு சலசலப்பு. தோல் எது, துணி எது என்று தெரியவில்லை, விலா எலும்பு ஒவ்வொன்றும் எண்ணலாம், நான் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டின முதுகு. மூன்றாவது வரிசையில் பெர்னாதெத் குரல் அடக்கமாட்டாமல் எழும்பினது எனக்கு இங்கே வரைக்கும் கேட்டது: "அண்ணா, துணி பத்தலைன்னா சொல்லியிருக்கலாம்ல, என் பழைய புடவை ஒண்ணு குடுத்திருப்பேனே." யாரோ சிரித்தார்கள். மதாம் சொன்னார், இப்போது மறைக்க ஒன்றும் இல்லை, ஆடுகிறவளுக்கும் தாங்குகிறவனுக்கும் நடுவில் ஒரு நூல்தான். மறைக்க ஒன்றும் இல்லையாம். நான் அவள் இடுப்பைப் பார்த்தேன். இங்கே ஓரத்திலிருந்து பார்த்தால் அவளுடைய வலது பக்கம்தான் தெரியும். ஒன்றுமில்லை, வழவழவென்று இருக்கிறது. அவள் திரும்பினாள், விளக்கு சாய்ந்து விழுந்தது, வலது இடுப்பில், எலும்புக்கு மேலே, ஒரு சின்ன முட்டைவடிவ நிழல். என் வாய்க்குள் 'அருள் நிறைந்த' என்று தொடங்கின மாதா ஜெபம் பாதியில் நின்றுவிட்டது. அவள் ஆடினாள். நான் சொல்கிறேன், தாய் என்பதால் சொல்லவில்லை, அவள் ஆடினபோது சிரிப்பு நின்றுவிட்டது. துணி இப்படி நூலளவாக இருந்தால்தான் இது இப்படி இருக்கும் என்று எனக்கே தோன்றியது, பாவாடை இருந்தால் முழங்காலுக்குப் பின்னால் ஓடுகிற அந்த நரம்பு தெரிந்திருக்குமா, மூச்சு வயிற்றில் ஏறி இறங்குவது தெரிந்திருக்குமா, வெறும் உடம்பு ஜெபம் சொல்கிற மாதிரி. இளம்பரிதி வந்தான். முதல் தடவை தூக்கினான், தாழ்வாக, ரெண்டு கையால். அவன் முகத்தைப் பார்த்தேன். புருவம் ஒரு துளி சுருங்கியது, கை வலது இடுப்பில் ஊர்ந்தது, எதையோ தேடுகிற மாதிரி, எதையோ தவிர்க்கிற மாதிரி. ரெண்டாவது தடவை. உதட்டைக் கடித்தான். மாதாவே, கீழே இறங்கு. அந்த மடிப்பை விட்டு இறங்கு. ஒருநாளும் இப்படி நான் கேட்டதில்லை, கூட இரு, கூட இரு என்றுதான் கேட்டிருக்கிறேன், இப்போது விலகு என்று கேட்கிறேன். பாட்டு ஏறினது. அவள் ஓடி வந்தாள். அவன் கை இடுப்பைப் பற்றினது, அவள் எழும்பினாள், அவன் தோள் வரைக்கும் வந்தாள், அங்கே அந்தக் கை நடுங்கினது, ஒரு கண நேரம் ரெண்டு பேரும் எந்தப் பக்கம் சாய்வார்கள் என்று தெரியவில்லை, அவன் இன்னொரு கையையும் கொடுத்து அவளை மார்போடு சேர்த்து அணைத்து மெதுவாகக் கீழே இறக்கினான். தலைக்கு மேலே போகவில்லை. பாட்டு முடிந்தது. எல்லாரும் எழுந்து நின்று தட்டினார்கள். தலைக்கு மேலே என்று மதாம் சொன்னதை எல்லாரும் மறந்துவிட்டார்கள். ரொசாலி சிரித்துக்கொண்டே தலை குனிந்தாள். அவள் தாடையைப் பார்த்தேன். அது அழுகைக்கு முந்தி இறுகுகிற தாடை.

கதவு அம்மாள் இப்போது வழி விட்டாள். உள்ளே ரொசாலி சுவரைப் பார்த்து நின்றாள், தோள் குலுங்கியது. "ஏன் விட்ட?" என்றாள் திரும்பாமலே. "ஒரு வருஷம். ஒரு நாள்கூட விட்டதில்லையே, இன்னிக்கு ஏன் விட்ட?" இளம்பரிதி வலது கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். "வேர்வையில வழுக்கிடுச்சு ரொசாலி. என் தப்புதான்." "நான் சரியா வரலையா?" "நீ சரியாதான் வந்த. நான்தான்." சொல்லும்போது அவன் கண் என்னிடம் வந்து, உடனே தரைக்குப் போனது. தெரிந்திருக்கிறது இவனுக்கு. என்னவென்று தெரிந்திருக்கிறது, யார் வைத்தது என்றும் தெரிந்திருக்கிறது, பழியை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொள்கிறான். நான் இதை இப்படியே விட்டுவிட்டால் போதும். வேர்வை என்று முடிந்துவிடும். காலையில் சட்டையைத் துவைக்கிற சாக்கில் நான் பிரித்து எடுத்துவிடலாம், அவளுக்குத் தெரியவே தெரியாது. "கையைக் காட்டு தம்பி" என்று எனக்கே கேட்காத குரலில் சொன்னேன். "ஒண்ணுமில்லம்மா." "காட்டு." காட்டினான். உள்ளங்கை நடுவில், பதிந்து, ஒரு ஓரத்தில் தோல் கிழிந்து, சின்னதாக ஒரு முட்டைவடிவம், அதற்குள் தலையில் முக்காடு போட்ட ஒரு உருவம், ரத்தம் கசிந்து நின்றது. மாதா என் பிள்ளையைத் தாங்கினாள் என்று ஆயுசு பூராவும் சொல்லிக்கொண்டிருந்தேன். மாதாவையும் சேர்த்துத் தாங்கின கை இது. "இவன் மேல தப்பு இல்லடி" என்றேன். ரொசாலி திரும்பினாள். அவன் கையைப் பார்த்தாள். தன் இடுப்பைத் தடவினாள். விரல் அங்கே நின்றது.

மேஜை மேல் கத்தரி இருந்தது. எடுத்துக்கொண்டு அவள் முன்னால் மண்டியிட்டேன், நின்றபடி குனிய என் முதுகு விடாது. இடுப்பு என் கண்ணுக்கு நேரே வந்தது. மேலே ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை. "பெங்களூர்ல?" என்றாள், மேலிருந்து. "தோள்பட்டையில." "திருச்சியில?" "காலருக்குள்ள." "ஒரு தடவைகூட தைக்காம விடலையா?" "இல்லடி." "தைக்கலைன்னு சொன்னியே." "சொன்னேன்." முதல் தையலை வெட்டினேன். இவ்வளவு இறுக்கமாகவா தைத்தேன், நூல் துணிக்குள் புதைந்து கிடந்தது, கத்தரி முனை அவள் தோலுக்கும் நூலுக்கும் நடுவில் போக இடம் தேடியது. "மூச்சைப் பிடி, குத்திடப் போறேன்" என்றேன். பிடிக்கவில்லை, அழுதுகொண்டிருந்தாள், வயிறு ஏறி இறங்கியது. மங்கலாக இருந்தது எனக்கு, என் நிழலே தையல் மேல் விழுந்தது, எது நூல் எது தோல் என்று தெரியவில்லை. "ஒண்ணுமே தெரியலைடி" என்றேன். அவள் விளக்குப் பக்கமாகத் திரும்பி, எனக்கு வெளிச்சம் விழட்டும் என்று, வலது கையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டாள்.